பயிற்சிக்கு வந்தவர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, போர்ட்ஹில்டி கடல்சார் கல்லூரியின் மாடி அறையில் முதலுதவிப் பயிற்சிக்கு இருந்தவர்கள் இவர்கள்: பயிற்சி நடத்துவதற்காக இன்வர்னஸிலிருந்து வந்த ரோனா கில்லீஸ். எஞ்சின் பாடம் எடுக்கும் வாட்டி வுட், பட்டப்பெயர் ஷாங்க்ஸ். உணவகத்தைப் பார்த்துக்கொள்ளும் டாட் ஸ்லேட்டர், பட்டப்பெயர் கோக்கோ. அலுவலகத்தில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைதோறும் வளாகச் செய்தித்தாளைத் தயாரிக்கும் ஜெஸ்ஸி பிரி, பட்டப்பெயர் பீல். படிக்கட்டுகளையும் தாழ்வாரங்களையும் துடைக்கும் ஐனா மேர், பட்டப்பெயர் டுல்லி. இந்த ஐந்து பேர்தான். ஆறாவதாக வருகைப் பதிவில் காணப்படும் அலெக்ஸாண்டர் மேர், பட்டப்பெயர் லேர்ட், அந்த நேரத்தில் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த வலைக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, கிழிந்த இழுவலை ஒன்றைத் தரையில் விரித்து, எத்தனை கண்கள் போயிருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். கூட யாரும் இல்லை.

தான் பயிற்சிக்குப் போன செய்தியை அவர் வெள்ளிக்கிழமைதான் தெரிந்துகொண்டார். தேநீர் அறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை ஊசியால் குத்தி வைப்பார்கள். மேல் பாதி வளாகச் செய்தி: நீச்சல் குளத்தின் வடக்கு ஓரம் வர்ணம் காயும்வரை மூடியிருக்கும், வியாழக்கிழமை சூப்பில் பார்லி சேராது. கீழ்ப் பாதி பணியாளர் பயிற்சி வாய்ப்புகள்: அடுத்த வாரம் தீயணைப்பு, அதற்கடுத்து சம்பவ அறிக்கை எழுதுதல், விருப்பமுள்ளோர் பெயர் தரவும். அதற்கும் கீழே, அந்த வாரம் பயிற்சியை முடித்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில். லேர்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். அலெக்ஸாண்டர் மேர். போகாத இடத்துக்குப் போனதாக எழுதியிருந்தது ஒரு குற்றம். பெயருக்குப் பக்கத்தில் லேர்ட் என்று எழுதாமல் விட்டது இரண்டாவது குற்றம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் அவரை முதலில் சுட்டது.

அந்தக் கரையில் பாதி ஊர் மேர், மீதி ஊர் ஸ்லேட்டர். ஆண்களுக்கு வைக்கும் பெயர்களும் ஐந்தாறுக்கு மேல் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர். தபால்காரன் அதை வைத்துத்தான் கதவைத் தட்டுவான், தேவாலய ஏட்டிலும் அது இருக்கும், கல்லறைக் கல்லிலும் செதுக்குவார்கள். லேர்ட் என்றால் நிலக்கிழார். அவருடைய பாட்டனார் இரண்டு பசுவும் ஒரு சரிவு நிலமும் வைத்துக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து ஊர் கேலியாக வைத்த பெயர். மூன்றாம் தலைமுறையில் கேலி உதிர்ந்துபோய் மரியாதை மட்டும் மிஞ்சியது. அறுபத்தாறு வயதிலும் அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போடாமல் தெருவில் இறங்கியதில்லை. தேவாலயத்தில் மூப்பர். கல்லூரியில் முப்பத்துநான்கு ஆண்டுகளாக வலை, கயிறு, முடிச்சு. கையெழுத்துப் போடும் எந்தக் காகிதத்திலும் பக்கத்தில் லேர்ட் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவைத் திறப்பார்.

நேராக அலுவலகத்துக்குப் போனார்.

“ஜெஸ்ஸி, இது யாரு?”

“யாரு, நீங்கதான் மிஸ்டர் மேர்.”

“எந்த மேர்?”

ஜெஸ்ஸி தட்டச்சை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். “ஆரம்பிச்சுட்டீங்களா. ஆகஸ்ட்ல புது கம்ப்யூட்டர் போட்டாங்கல்ல, அதுல பட்டப்பெயருக்குக் கட்டமே இல்ல. அபர்டீன்ல உக்காந்து செஞ்சவனுக்கு நம்ம ஊரைப் பத்தி என்ன தெரியும்? டாட் பேருக்குப் பக்கத்துல கோக்கோன்னு போட்டுப் பார்த்தேன். அவரு பேரே பட்டியலை விட்டுக் காணாமப் போயிடுச்சு. ரெண்டு நாளு இல்லாத மனுஷனாத்தான் சூப்பு ஊத்தினாரு.”

“அது இருக்கட்டும். நான் அந்தப் பயிற்சிக்கே வரலையே.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிக் காட்டினாள். “இந்தக் கைக்குக் கட்டுப் போட்டதே நீங்கதான். முடிச்சு தோல்ல உறுத்தாம வெளிப்பக்கமா திருப்பி, நுனியை உள்ள செருகி விட்டீங்க. அவிழ்க்க மனசே வரல எனக்கு. அப்படியே வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட அடிபட்டுடுச்சுன்னு ஏமாத்தினேன்.”

நுனியை உள்ளே செருகுவது அவர் முறை. அவருக்கு அவர் தந்தை சொல்லிக்கொடுத்தது. லேர்ட் வெளியே வந்தார். பெண்பிள்ளைகள் சேர்ந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று நினைக்கப் பார்த்தார். ஜெஸ்ஸிக்கு ஐம்பத்தொன்பது வயது. விளையாடுகிறவள் இல்லை.

எந்த மேர் என்று அவர் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்லூரியில் ஜனவரிவரை இன்னொரு அலெக்ஸாண்டர் மேர் இருந்தார். ஐனாவின் அண்ணன், அதே வீட்டுப் பட்டப்பெயரில் ஊரார் டுல்லி என்று அழைத்தவர். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், ஒரே முப்பாட்டனின் பெயரைத் தாங்கியவர்கள். இருபத்திரண்டாவது வயதில் இருவரும் லேர்டின் தந்தை தலைவராக இருந்த லிலியாஸ் என்ற படகில் ஒன்றாகக் கடலுக்குப் போனார்கள். 1978 அக்டோபரில் ஒரு விடியற்காலையில் லிலியாஸ் நேராகப் பாறையில் ஏறியது. சமையற்காரர் ஒருவரும், டுல்லியின் தம்பி ஜிம்மும் செத்துப்போனார்கள். காவலில் இருந்தவன் சுக்கான் அறையில் தூங்கிவிட்டான் என்று விசாரணையில் முடிவாயிற்று. காவலில் இருந்தவன் டுல்லி என்றும் முடிவாயிற்று. அதன்பிறகு எந்தப் படகும் அவரை ஏற்றவில்லை. கல்லூரிப் பண்டசாலையில் உயிர்காப்புச் சட்டைகளை எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. முப்பத்தோரு வருடம். அவர் கையிலிருந்து யாரும் நேராக வாங்க மாட்டார்கள். அவர் சட்டையை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போவார், பிறகு எடுத்துக்கொள்வார்கள். அவர் தாழ்வாரத்தில் வந்தால் ஆண்கள் பேச்சை நிறுத்தாமலேயே, பீடை ஒட்டாமலிருக்கப் பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தொடுவார்கள், கதவுப் பிடியோ, நாற்காலிக் காலோ. லேர்டும் தொட்டிருக்கிறார். ஜனவரியில் ஒருநாள் டுல்லி அலைத்தடுப்புச் சுவரின் மேல் நடக்கப் போனார். தொப்பி மட்டும் திரும்பி வந்தது.

தீயணைப்புப் பயிற்சி வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. லேர்ட் அன்றைக்கென்றே எல்ஜின் நகரத்துப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கினார். ஒன்பது மணி பேருந்தில் ஏறினார். ஓட்டுநரிடம் தேவையில்லாமல் இரண்டு வார்த்தை பேசினார், ஞாபகம் இருக்கட்டும் என்று. மருத்துவர் ஒன்றும் குறையில்லை என்றார். வந்ததற்கு அடையாளமாக ஒரு சீட்டில் தேதியும் நேரமும் எழுதி வாங்கிக்கொண்டார். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை தேநீர் அறைக்குப் போனபோது அவருக்கு ஒருவித தெம்புகூட இருந்தது.

இந்த முறை புகைப்படமும் போட்டிருந்தார்கள். முற்றத்தில் இரும்புத் தொட்டியில் தீ எரிகிறது. வாட்டியும் டாட்டும் இளித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒருவர் தீயை நோக்கிக் குழாயைப் பிடித்திருக்கிறார், படம் பிடித்தவருக்கு முதுகைக் காட்டியபடி. கருநீலக் கோட்டு. பலகை வைத்துத் தைத்ததுபோல நேரான முதுகு. மழித்த பிடரி, வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம். தன் முதுகை லேர்ட் அதுவரை பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருப்பார்கள்? ஆனாலும் வீட்டு நாயைத் தூரத்தில் பார்த்தே கண்டுகொள்வதுபோல அதைக் கண்டுகொண்டார். காதுக்குக் கீழே கை தானாகப் போயிற்று.

பின்னால் வாட்டி வெண்ணெய் ஊறிய பட்டரி ரொட்டியை மென்றுகொண்டு நின்றான். “என்னய்யா லேர்ட், உன் படத்தை நீயே ரசிக்கிறியா? மூஞ்சியைக் காட்டாம நின்னதால நல்லா வந்திருக்கு.”

“வாட்டி, வியாழக்கிழமை நான் எல்ஜின்ல இருந்தேன்.”

“இருந்திருப்ப. அப்புறம் வந்திருப்ப.”

“பல் டாக்டர்கிட்ட. இந்தா சீட்டு.”

வாட்டி சீட்டைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மெல்லுவது நின்றது. “அப்ப என் பக்கத்துல நின்னு குழாயைப் பிடிச்சது யாரு? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டு நில்லுடான்னு என்னைத் திட்டினதே அவன்தானேய்யா.”

அன்று ஜெஸ்ஸி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆகஸ்டில் பெயர்களை மாற்றி ஏற்றியபோது, ஒரே பெயரும் ஒரே பிறந்த ஆண்டும் கொண்ட இரண்டு மேர்களையும் இயந்திரம் ஒருவராக்கிவிட்டிருந்தது. திரையில் ஒரே ஒரு அலெக்ஸாண்டர் மேர். வலைக்கூடத்தில் முப்பத்துநான்கு ஆண்டு, பண்டசாலையில் முப்பத்தோரு ஆண்டு. பிரித்துத் தரும்படி மூன்று முறை எழுதிவிட்டேன் என்றாள் ஜெஸ்ஸி. லேர்ட் நின்றபடியே அதைப் படித்தார். யார் வருகிறார் என்று தமக்குத் தெரிந்துவிட்டதாக அவர் நினைத்தார்.

“டுல்லியா?” என்றான் பின்னாலேயே வந்திருந்த வாட்டி, குரலைத் தாழ்த்தி. பிறகு பயத்தை மறைக்கத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனான். “செத்தவன் தீயணைக்கக் கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறான்? போற இடத்துல தேவைப்படுமோ என்னமோ.”

ஜெஸ்ஸி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை லேர்ட் ஐனாவைத் தேடிப் போனார். டுல்லி வீட்டாரோடு லேர்ட் வீட்டார் பேசுவதில்லை. ஒரே கட்டடத்தில் இருபது வருடமாக வேலை பார்த்தும் தலையசைப்பதோடு சரி. அவள் இரண்டாம் மாடிப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே கடல்மூட்டம் ஜன்னல்வரை வந்து நின்றது. முற்றமும் இல்லை, வலைக்கூடமும் இல்லை, வெள்ளை மட்டும்.

“ஐனா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க. ஈரத்துல காலை வைக்காதீங்க.”

“என் பேர்ல பயிற்சிக்கு ஒருத்தன் வர்றானே. அது உன் அண்ணனா?”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. “என் அண்ணனை எனக்குத் தெரியாதா? எதிர்ல யாராவது வந்தா அவன் சுவரோட ஒட்டிக்குவான். அவங்க தொட்டுடக் கூடாதுன்னு. வீட்டுக்குள்ள கூட அப்படித்தான் நடப்பான், சுவர் ஓரமா. வர்றது நீங்கதான். இந்தக் கோட்டு. இந்த முதுகு.”

“நான் வரல.”

“அப்ப வரல.” துடைப்பத்தை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். “ஆனா அங்க வர்றப்ப நீங்க நல்ல மனுஷனா இருக்கீங்க. அத்தனை நாற்காலி காலியா இருக்க, என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க. நாப்பத்துநாலு வருஷத்துல மொத தடவை. ஜிம்முக்கு அப்ப என்ன வயசுன்னு கேட்டீங்க. பத்தொம்பதுன்னேன். எனக்குத் தெரியும், உன் வாயால கேக்கணும்னு தோணிச்சுன்னீங்க.”

லேர்ட் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஈரத்தில் கால் வைத்துவிட்டிருந்தார்.

லிலியாஸ் படகில் காவல் முறையை அவருடைய தந்தை பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மெழுகுத்துணிப் பையில் வைத்திருப்பார். கரையில் எதற்கும் பட்டப்பெயர் போடும் மனிதர், படகில் ஐந்தே பேர்தானே என்று போடவில்லை. நான்கிலிருந்து ஆறு: அ. மேர். அந்தக் காகிதம் தண்ணீரில் நனையாமல் வந்தது. அபர்டீனில் விசாரணை மேசையில் அதை வைத்து, இது எந்த மேர் என்று கேட்டார்கள். தான் கீழே படுத்திருந்ததாக டுல்லி சொன்னார். படகுத் தலைவர் எழுந்து நின்றார். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்த மனிதர், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. டுல்லி என்றார். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மேசைக்குக் கீழே மகனுடைய முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். எலும்பு நோகும்படி அழுத்தினார். மகன் பேசவில்லை. அன்று மாலை வீட்டுக் கதவில் பித்தளைத் தகடு அடிக்கப்பட்டது: அ. மேர், லேர்ட். இனி எந்தக் காகிதத்திலும் இதை விடாதே என்று தந்தை சொன்னார். அதைப் பற்றி வேறெதுவும் அவர் சாகும்வரை சொல்லவில்லை.

சம்பவ அறிக்கை எழுதும் பயிற்சி இரண்டு புதன்கிழமைகளில் நடப்பதாக இருந்தது. முதல் புதன் பிற்பகல் லேர்ட் தேவாலயத்தின் பக்க அறையில் மூப்பர் கூட்டத்தில் இருந்தார். போதகர் தம் கையால் குறிப்பேட்டில் அவர் பெயரையும் பட்டப்பெயரையும் எழுதினார். கூரை ஒழுகுவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். லேர்ட் ஒருமுறைகூட அறையை விட்டு எழவில்லை. வெள்ளிக்கிழமை செய்தித்தாளில் பெயர் இருந்தது. அவர் இப்போது ஆச்சரியப்படவில்லை. அடுத்த புதன்கிழமை அரைமணி நேரம் முன்னதாகவே மாடி அறைக்குப் போய், கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வருகிறவன் வரட்டும், முகத்தைப் பார்த்துவிடுவோம் என்று. அவர் கோழையல்ல. அந்த வீட்டில் யாரும் கோழையில்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்.

ரோனா வந்தாள். வாட்டி வந்தான். ஜெஸ்ஸி வந்தாள். ஐனா வந்து உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் வைத்த தன் பையை மறுபடி எடுத்துத் தரையில் வைத்து, அந்த நாற்காலியைக் காலியாக்கினாள். பிறகு எதிரே இருக்கும் லேர்டைப் பார்த்தாள், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். டாட் உணவகத்தில் அடுப்புக் கோளாறு என்று வரவில்லை. இரண்டு மணி அடித்தது. ரோனா கதவைச் சாத்தினாள். வேறு யாரும் வரவில்லை.

“மிஸ்டர் மேர் இன்னைக்கு எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களே” என்று சொல்லி, போன வாரம் எழுதிய தாள்களை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டு போனாள். ஜெஸ்ஸி அலுவலக ஏணி சாய்ந்ததை எழுதியிருந்தாள். வாட்டி எண்ணெயில் வழுக்கியதை. லேர்டின் முன்னால் ஒரு தாள் வந்தது.

அவருடைய கையெழுத்து. வலப்பக்கம் சாயாத, நிமிர்ந்த எழுத்து. அவருடைய பேனாவின் கறுப்பு மை. தேதி: 1978 அக்டோபர் 11. நேரம்: காலை ஐந்து நாற்பது. பணியில் இருந்தவர்: அ. மேர். கீழே நடந்தது:

‘சுக்கான் அறையில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி குளிர்ந்திருந்தது, நெற்றியை அதில் வைத்தேன். ஒரு நிமிடம் என்று நினைத்தேன். தூக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படியைக் கண்டேன். அம்மா ரொட்டித் தட்டுகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் தட்டு, இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். சூடாக இருக்கும், துணியோடு பிடி என்றாள். நான் கையை நீட்டியபோது படகு மோதியது. ஜிம் கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டு தடவை கூப்பிட்டான்.’

லேர்ட் தாளின் மேல் கையை வைத்து மூடினார். சுக்கான் அறையில் நெற்றியை வைத்ததை டுல்லி யூகித்திருக்கலாம். யார் வேண்டுமானாலும் யூகித்திருக்கலாம். ஆனால் ரொட்டியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தந்தையிடம் சொல்லவில்லை, மனைவி சாகும்போதும் சொல்லவில்லை, மண்டியிட்டு ஜெபிக்கும்போதுகூட அந்த இடம் வந்தால் தாண்டிப் போய்விடுவார். கீழே படுத்திருந்த டுல்லிக்கு அது தெரிய வழியில்லை. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் தெரிய வழியில்லை. இத்தனை நாளும் கடலிலிருந்து ஏறி வருகிறவனுக்காகக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது எவ்வளவு வீண் என்று அவருக்கு அப்போது புரிந்தது.

ரோனா வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். இன்வர்னஸ்காரி, இந்த ஊர்க் கதை ஒன்றும் தெரியாதவள். “கற்பனையா ஒரு சம்பவம் எழுதுங்கன்னா எல்லாரும் வழுக்கி விழறதைத்தான் எழுதறாங்க. நீங்க எழுதினது மாதிரி நான் பார்த்ததே இல்ல. வெள்ளிக்கிழமை செய்தித்தாள்ல இதை உதாரண அறிக்கையாப் போடலாமான்னு ஜெஸ்ஸிகிட்ட கேட்டிருக்கேன், நீங்க சரின்னு சொன்னா. ஒரே ஒரு குறைதான். பணியில் இருந்தவர்ங்கிற இடத்துல வெறும் அ. மேர்னு போட்டிருக்கீங்க. அப்படிப் போட்டா அறிக்கை செல்லாது. யாருன்னு படிக்கிறவங்களுக்குத் தெளிவாத் தெரியணும்.”

லேர்டின் கை தாளிலிருந்து நகர்ந்ததும் வாட்டி எட்டிப் பார்த்தான். அவன் உதடு அசைய அசையப் படித்தான். முடித்ததும் அவன் கை மேசையின் இரும்புக் காலைத் தேடிப் போயிற்று. அப்புறம் நண்பனாயிற்றே, லேர்டின் காதருகே குனிந்தான். “யோசிக்காதய்யா. டுல்லின்னு போட்டு விடு. ஊருக்கே தெரிஞ்சதுதானே. உயிரோட இருக்கும்போது எழுதி வச்ச தாளு பண்டசாலையில கிடைச்சுதுன்னு நான் சொல்றேன். செத்தவனுக்கு இனிமே என்ன?”

ஒரு வார்த்தைதான். எழுதிவிட்டால் தந்தையின் கல்லறையில் செதுக்கிய பெயர் அப்படியே இருக்கும். அபர்டீன் துறைமுகத்தில் கப்பல்களை வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் மகன், லேர்ட் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். தேவாலயத்தில் முன்வரிசை அவருடையதாகவே இருக்கும். டுல்லியே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக விஷயம் முடியும், நாற்பத்துநான்கு வருடத்துக்குப் பிறகு, சுத்தமாக. மற்ற வார்த்தையை எழுதினால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவராகத் தந்தை அந்தக் கல்லுக்குக் கீழே கிடப்பார். அவர் பேனாவைத் திறந்தார்.

வலது முழங்காலில் ஏதோ அழுத்திற்று. மேசைக்குக் கீழே. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன, கட்டைவிரல் எலும்பின் உள்பக்கத்தில். லேர்ட் குனிந்து பார்க்கவில்லை. நேராக எதிரே பார்த்தார். ஐனா அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியின் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள். கேட்டு, ஒருமுறை தலையசைத்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. சாய்மானத்தில் மட்டும், யாராவது சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் தெரியுமே, அப்படி ஓர் இடைவெளி.

முழங்கால் நொந்தது. அழுத்தம் கூடிக்கொண்டே போயிற்று. லேர்ட் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். முதல் எழுத்தை எழுதினார், அழுத்தம் இருந்தது. இரண்டாவது எழுத்தை எழுதினார், இருந்தது. கடைசி எழுத்தை எழுதி முடித்து, வழக்கப்படி கீழே ஒரு கோடு போட்டபோது அது இல்லை.

“இப்ப சரியா இருக்கா?” என்றார் ரோனாவிடம்.

அவள் படித்தாள். “அ. மேர், லேர்ட். ஆமா, இப்ப யாருன்னு தெளிவா இருக்கு.” தாளை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனாள்.

வாட்டி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். ஒரு கை அகலம்தான் தள்ளினான், ஆனால் தள்ளினான். ஜெஸ்ஸி ஜன்னலைப் பார்த்தாள். ஐனா கைப்பையைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை செய்தித்தாள் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கொதிகலனுக்குப் பக்கத்தில் குத்தப்பட்டது. நீச்சல் குளம் திறந்துவிட்டது என்று மேலே, கயிறேணிப் பயிற்சிக்குப் பெயர் தரலாம் என்று கீழே, நடுவில் அந்த அறிக்கை. ஜெஸ்ஸி எப்படியோ அந்தப் பட்டப்பெயரைப் போட்டுவிட்டிருந்தாள். இந்த முறை இயந்திரம் பெயரை விழுங்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் தேநீர் அறையில் நிற்க இடமில்லை, பதினொரு மணிக்குத் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். ஐனாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உப்புத் தண்ணீர் நின்றது என்றார்கள். தாளைப் படித்துவிட்டு லேர்ட் மயங்கி விழுந்தார் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றுவரை பலர் நம்புவது, பெயரை எழுதும்போது லேர்டின் கையின்மேல் இன்னொரு கை இருந்து, அதுதான் பிடித்து எழுதவைத்தது என்பது. அது தவறு. எழுதியது ஒரே கை. அது நடுங்கவும் இல்லை.